நகராத ஓட்டுநர் இருக்கை: குன்னூர்ப் பட்டறை ஒன்றில் ஒன்பது நாட்கள்

சுவிட்சை அழுத்தினால் முன்னும் பின்னும் நகரும் மின் இருக்கை கொண்ட பழைய கார் ஒன்றை நீலகிரியில் வைத்திருப்பவர், அந்த இருக்கை ஒருநாள் நகர மறுத்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் கோவைக்கு இறங்கி ஏறியே களைத்துப் போவார். நானும் களைத்த பிறகுதான் மேல் குன்னூரில், பெட்ஃபோர்டிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு தகரக் கூரைப் பட்டறையைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பக்கம் யாரிடமாவது ‘ஒயரிங் கடை’ என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். அங்கே எனக்குக் கிடைத்த வேலையைப் பற்றியும், கிடைத்த எரிச்சலைப் பற்றியும் இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கார் 2009இல் பதிவான ஜப்பானியச் செடான், தானியங்கி கியர். என் அண்ணன் ஓட்டி, பிறகு என்னிடம் வந்தது. 15 ஆண்டு முடிந்ததும் 2024இல் பதிவைப் புதுப்பித்து, இன்னும் ஐந்து ஆண்டுக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன் என்பதால் அதை விற்கும் எண்ணம் இல்லை. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவான எனக்கு அந்தக் காரில் பிடித்ததே ஓட்டுநர் இருக்கைதான். உயர்த்தி, முன்னால் நகர்த்தி, முதுகைச் சற்று நிமிர்த்திவிட்டால் கொண்டை ஊசி வளைவின் உள் ஓரம்கூடக் கண்ணுக்குத் தெரியும். எங்கள் சாலைகளில் அது சொகுசு அல்ல, தேவை.

பொங்கலுக்கு வந்த எங்கள் மாப்பிள்ளை ஆறடி உயரம். பைக்காரா பார்க்கவென்று காரை எடுத்துச் சென்றவர், இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி ஓட்டி, உறைபனி கொட்டிய இரவில் ஊட்டியில் தங்கி, மறுநாள் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து நான் உட்கார்ந்தபோது இருக்கை முன்னால் வரவில்லை. சுவிட்சை அழுத்தினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், பிறகு ‘கட்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உயரமும் சாய்வும் வழக்கம்போல் வேலை செய்தன. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு கடைத்தெரு வரை ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்; இறக்கத்தில் பிரேக்கைக் கால் விரல் நுனியால் தேட வேண்டியிருந்தது, தலையணையோ வளைவுக்கு வளைவு நழுவியது. யாரும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். நானும் மறுபடி செய்யவில்லை.

ஒரு டிரைவரை அமர்த்திக்கொண்டு, பர்லியாறு வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கோவையில் உள்ள ஒரு சர்வீஸ் நிலையத்தில் காட்டினேன். அங்கே ஃபியூஸைப் பார்த்தார்கள், சுவிட்சை இருமுறை அழுத்தினார்கள், பிறகு கணினியைப் பார்த்து, “மோட்டார் தனியாக வராது, இருக்கை நகரும் ரெயிலோடு சேர்ந்த முழு அமைப்பையும் மாற்ற வேண்டும்” என்று சொல்லி 78,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். காரின் இன்றைய விலையில் அது எத்தனை பங்கு என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காரை அங்கேயே விட்டிருப்பேன். பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் முழு இருக்கை ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று டிரைவர் ஒரு வழி சொன்னார். ஆனால் அந்த இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது. எந்த விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத ஏர்பேக்கை என் விலா எலும்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

பட்டறைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். காரைப் பார்த்ததும் ஸ்பேனரைத் தேடாமல், முதலில் கேபின் விளக்கைப் போடச் சொன்னார். சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்தார். விளக்கு லேசாக மங்கியது. “டீச்சர், மோட்டாருக்குக் கரண்ட் போகுது, அது இழுக்கவும் பார்க்குது. ஃபியூஸும் போகலை, மோட்டாரும் சாகலைங்க” என்றார். அடுத்து என்னை இருக்கையிலிருந்து எழச் சொல்லி, தானே தரையில் படுத்து இருக்கைக்கு அடியில் காதை வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தச் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கண்டுபிடித்தது, கோவையில் யாரும் பார்க்க முயலாதது.

இந்த வகை இருக்கையில் முன்பின் நகர்வுக்கு ஒரே மோட்டார்தான். அது இரண்டு ரெயில்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்; அதன் இரு பக்கத்திலிருந்தும் வளையக்கூடிய கேபிள் ஒவ்வொன்று கிளம்பி, அந்தந்த ரெயிலில் உள்ள சிறிய கியர் பெட்டியைச் சுழற்றும்; அந்தக் கியர் பெட்டி ஒரு நீண்ட திருகாணியைச் சுழற்ற, இருக்கை நகரும். கேபிளின் உள்ளே ஓடும் கம்பிக்கு முனை சதுரமாக இருக்கும், அது மோட்டாரில் உள்ள சதுரத் துளைக்குள் செருகியிருக்கும். அந்தச் சதுரம் தேய்ந்து உருண்டையாகிவிட்டால் மோட்டார் சுற்றும், கம்பி சுற்றாது. என் காரில் கதவுப் பக்க ரெயில் நகரப் பார்த்தது. ஹேண்ட்பிரேக் பக்க ரெயில் அசையவில்லை. ஒரு பக்கம் மட்டும் அரை விரல் அளவு முன்னே வந்து, இருக்கை கோணிக்கொண்டு இறுகிப்போய், அந்த இறுக்கத்தில் மோட்டாரும் நின்றுவிட்டது. “மோட்டார் சொல்றதை ஒரு பக்கம் கேட்குது, இன்னொரு பக்கம் கேட்கலை. அதான் சண்டை” என்று அவர் சொன்னபோது, முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு அது உடனே விளங்கியது.

அதோடு அவர் நிற்கவில்லை. மல்டிமீட்டரின் முனைகளை மோட்டாரின் கனெக்டரில் பின்பக்கமாகச் செருகி, மோட்டாரைக் கழற்றாமல், அது இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளந்தார். சுவிட்சை அழுத்திய கணத்தில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 8 சொச்சம்தான் காட்டியது. கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தால் 12.4 காட்டியது. இந்த வித்தியாசம்தான் முக்கியம். பாரம் இல்லாதபோது சரியாகத் தெரியும் ஒயர், மோட்டார் இழுக்கும்போது கைவிட்டுவிடுகிறது என்றால், வழியில் எங்கோ துரு இருக்கிறது. அது இருக்கைக்கு அடியில், தரை விரிப்பின்மேல் கிடந்த கனெக்டரில், எர்த் ஒயரின் முனையில், பச்சையாகப் பூத்திருந்தது. விரிப்பை அவர் கட்டை விரலால் அழுத்தியபோது ஈரம் கசிந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகளில் கற்பூர மர இலைகள் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மரத்தடியில் நிறுத்தும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்தத் துளைகளை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி இருக்கையைக் கழற்றிய விதம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இங்கேதான் பல பட்டறைகள் முரட்டுத்தனம் காட்டும். இருக்கை நான்கு போல்ட்டில் நிற்கிறது. கடைசிவரை பின்னால் போய் நின்றுவிட்டதால் முன் போல்ட் இரண்டும் கைக்கு எட்டின. பின் போல்ட் இரண்டும் இருக்கைக்கு அடியில் மறைந்துவிட்டன. அதை முன்னால் கொண்டுவராமல் கழற்ற முடியாது, கழற்றாமல் முன்னால் கொண்டுவரவும் முடியாது. அவர் கேபிள்கள் இரண்டையும் கியர் பெட்டிப் பக்கம் உருவிவிட்டு, சதுர முனை கொண்ட ஒரு சிறு கம்பியை டிரில் மெஷினில் மாட்டி, ஒவ்வொரு ரெயிலின் கியர் பெட்டியையும் தனித்தனியே மெதுவாகச் சுழற்றினார். இரண்டு ரெயிலிலும் சாக்பீஸால் விரற்கடைக்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு என்று மாற்றி மாற்றி நகர்த்தினார். அரை மணி நேரத்தில் இருக்கை கோணாமல் முன்னால் வந்து நின்றது.

அதற்குப் பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, டீ சொல்லி, டீயைக் குடித்து முடிக்கும்வரை காரைத் தொடவில்லை. இருக்கைக்குக் கீழே உள்ள மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக்குக்கு உரியது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த அமைப்பில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் சில நிமிடம் காத்திருந்துதான் அதைப் பிரிக்க வேண்டும். இதை அவர் எனக்கு விளக்கவில்லை, செய்தார். கேட்டபோதுதான் சொன்னார்.

இருக்கையைப் புரட்டிப் போட்டதும் மூன்றாவது குற்றவாளி அகப்பட்டது. ஹேண்ட்பிரேக் பக்க ரெயிலின் பள்ளத்தில், காய்ந்து மெழுகுபோல் இறுகிய பழைய கிரீஸுக்குள், சிவப்புப் பேனாவின் மூடி ஒன்று பாதி நசுங்கிக் கிடந்தது. பேப்பர் திருத்துகிற பேனா. அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆக நடந்தது இதுதான்: ரெயில் இறுகியதால் அந்தப் பக்கக் கேபிளின் சதுர முனை பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது, கனெக்டரில் துரு ஏறியதால் மோட்டாருக்குப் பலம் குறைந்திருக்கிறது, உறைபனி இரவில் கிரீஸ் இன்னும் இறுகியதும் எல்லாம் ஒன்றாகக் கைவிட்டிருக்கின்றன. பாவம், பழியை மாப்பிள்ளை தலையில் போட்டு மகளிடம் நான் பேசிய பேச்சை அன்று மாலையே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சரிசெய்ததில் பெரிய வித்தை இல்லை, பொறுமைதான். ரெயிலை மண்ணெண்ணெய் ஊற்றித் துலக்கி, துடைத்து உலர்த்தி, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவினார். துருப்பிடித்த முனைகளைச் சுரண்டிச் சமாளிக்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புது முனைகளை நசுக்கிப் பொருத்தி, கனெக்டரையும் மாற்றி, தரையில் கிடக்காதபடி இருக்கையின் சட்டத்தோடு கட்டி உயர்த்தி வைத்தார். கேபிள் மட்டும் கையில் செய்ய முடியாதது. கோவை உக்கடத்தில் தெரிந்த ஒருவர் மூலம் அதே மாடலின் பழைய இருக்கையிலிருந்து எடுத்த கேபிளை வரவழைத்தார். திரும்பப் பூட்டும்போது இரண்டு ரெயிலையும் முன் முனைவரை கொண்டுபோய், இரண்டும் ஒரே இடத்தில் முட்டி நிற்பதை உறுதிசெய்த பிறகே கேபிள்களைச் செருகினார். ஒரு பல் முன்பின் இருந்தாலும் இருக்கை கோணலாகவே காலம் தள்ளும், புதுக் கேபிளும் தேய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

செலவு: பழைய கேபிள் 900, கனெக்டரும் முனைகளும் 250, பார்சல் 150, கூலி 2,200, ஆக 3,500 ரூபாய். கழற்றிய கேபிளையும் பச்சை பூத்த கனெக்டரையும் கேட்காமலே ஒரு செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்.

குறைகளுக்கு வருகிறேன், அவை சிறியவை அல்ல. இரண்டு நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாள் ஆனது. முதலில் வந்த கேபிள் நீளம் குறைவு. அதைத் திருப்பி அனுப்பி வேறு வரவழைத்ததில் ஒரு வாரம் போனது. அது அவர் கையில் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு நாளும் நான்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது, அவராக ஒருநாளும் சொல்லவில்லை. நிறுத்த இடம் இல்லாததால் இருக்கை இல்லாத கார் சாலையோரம் நான்கு நாள் நின்றது. பில் கிடையாது; நான் வற்புறுத்திய பிறகு, என்னென்ன மாற்றினார் என்று ஒரு நோட்டுத் தாளில் தேதியோடு எழுதிக் கொடுத்தார். இருக்கையின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில், சுவிட்சுக்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு கீறல் இருக்கிறது.

இவற்றைவிட எனக்குக் கோபம் வந்தது ஏர்பேக் விளக்கு விஷயத்தில். அவர் வெளியே போயிருந்தபோது எதிர்பாராமல் தூறல் விழுந்திருக்கிறது. கடைப் பையன் நல்லெண்ணத்தோடு பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பிக் கண்ணாடிகளை ஏற்றியிருக்கிறான். மஞ்சள் கனெக்டர் பிரிந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் அமைப்பு அதைப் பழுது என்று பதிந்துகொள்ளும். பிறகு கனெக்டரை மாட்டினாலும் எச்சரிக்கை விளக்கு அணையாது. அவரிடம் இருந்த சிறிய ஸ்கேனர் என்ஜின் பழுதுகளை மட்டுமே படிக்கும். “நாளைக்குச் சரியாயிடும் டீச்சர், ஓட்டிட்டுப் போங்க” என்றார். “தம்பி, அந்த விளக்கு எரிந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று உங்களுக்கே தெரியும். அணைத்துக் கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பினேன். மறுநாள் ஊட்டியிலிருந்து நண்பர் ஒருவரின் பெரிய ஸ்கேனரைக் கொண்டுவந்து பதிவை அழித்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்த மதிப்பீடு வேறு விதமாக இருந்திருக்கும்.

அப்படியிருந்தும் நான் மறுபடி அவரிடமே போவேன். பழுது எங்கே என்று அளந்து கண்டுபிடிப்பவரும், பாகத்தின் பெயரைக் கணினியில் தேடி விலை சொல்பவரும் செய்வது ஒரே தொழில் அல்ல. முதலாமவர் நம் மலையில் அதிகம் பேர் இல்லை. ஆனால் போகிறவர்கள் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: பாகம் கைக்கு வந்த பிறகே இருக்கையைக் கழற்றச் சொல்லுங்கள், என் கார் போல் சாலையில் நிற்காது. வண்டியை விடும்போது எந்தெந்த எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மதியம் ஒன்றரை முதல் மூன்று மணிவரை கடையில் ஆள் இருக்காது. கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ காரைக் கொண்டுவர நினைப்பவர்கள், நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை மறக்க வேண்டாம்; நீலகிரிப் பதிவான டிஎன் 43 எண் கொண்ட வண்டிகளுக்கு அது தேவையில்லை.

என்னைப் போல் குள்ளமானவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இருக்கை சரியான பிறகு, பழைய ஆர்வத்தில் அதை முடிந்த மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டேன். அவர்தான் ஒரு டேப்பை எடுத்து, ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து என் மார்பெலும்பு வரை அளந்து, 21 சென்டிமீட்டர் என்று காட்டினார். ஏர்பேக் விரியும் வேகத்துக்கு அந்த இடைவெளி குறைந்தது 25 ஆவது இருக்க வேண்டும். உயரத்தைக் கூட்டி, முதுகைச் சற்றுச் சாய்த்து, ஸ்டியரிங்கைத் தாழ்த்தி, பிரேக்கும் எட்டுகிறபடி 26இல் நிறுத்திக் கொடுத்தார். பதினாறு வயதான இந்தக் காரில் இவ்வளவு நாள் நான் தவறாக உட்கார்ந்திருந்தேன் என்பதை எந்தச் சர்வீஸ் நிலையமும் சொன்னதில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. தென்மேற்கு மழை முழுவதையும் பார்த்தாகிவிட்டது. விரிப்பு உலர்ந்தே இருக்கிறது, இருக்கை முன் முனையிலிருந்து பின் முனைவரை ஒரே சீராகப் போய் வருகிறது. இரண்டு வாரமாக இருக்கையை உயர்த்தும்போது மட்டும் மாவு மில்லில் கேட்பது போல் ஒரு கரகரப்பு கேட்கிறது. போனில் சொன்னேன், வடகிழக்கு மழை பிடிப்பதற்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார், அதற்கு முன்பே காட்டிவிட வேண்டும்.